வறண்ட மேசைக்கு ஒரு மரப்பெட்டி: பதினோரு மாதப் பழுதுபார்ப்புப் பதிவு

கடந்த ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில், வார இதழ் ஒன்றுக்கு நான் தொடர்ந்து எழுதிவரும் பத்தியை முதன்முறையாகக் கெடுவுக்குள் கொடுக்க முடியாமல் போயிற்று. உடல்நலக் குறைவும் இல்லை, வேறு வேலையும் இல்லை. மதுரையில் என் வீட்டு மாடியறையில் காலை ஐந்தரை முதல் ஒன்பது மணிவரை மேசைமுன் உட்கார்ந்திருந்தும், எழுதுவதற்கு ஒரு பொருள்கூட அகப்படவில்லை. எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இப்படி ஒரு காலை அமைந்தால், அது மனச்சோர்வோடு நிற்பதில்லை. அந்த மாத வாடகையையும் தொட்டுவிடுகிறது. ஆகவே, ஊக்கம் தானாகத் திரும்பட்டும் என்று காத்திருக்காமல், ஓடாமல் நின்றுபோன மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பதுபோல, என் வேலைமுறையைப் பிரித்துப் பார்க்க முடிவுசெய்தேன். அதன்பின் பதினோரு மாதங்களில் செய்தவற்றையும், செய்து தவறியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள்கள் எதுவும் எழுதாமல் இருப்பைக் கணக்கெடுத்தேன். கைப்பேசியில் 640 குறிப்புகள் இருந்தன. அவை தவிர ஐந்து நோட்டுப் புத்தகங்களும், ஒரு துணிப்பை நிறையப் பத்திரிகை நறுக்குகளும் இருந்தன. கைப்பேசிக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்தபோது, இன்னது என்று எனக்கே விளங்கியவை ஏறத்தாழ 210 மட்டுமே. மற்றவை "பூ, நாலு மணி, விலை. எழுதலாம்" என்பதுபோல இருந்தன. எந்தப் பூ, யார் சொன்ன விலை, நான்கு மணிக்கு என்ன நடந்தது என்பவை எழுதிய அன்று மனத்தில் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதங்களில் அவை போய்விட்டன. நோட்டுப் புத்தகங்களில் விவரம் இருந்தது. ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாததால், ஐந்தையும் மூன்று ஆண்டுகளாக நான் திறக்கவே இல்லை. பொருள் கிடைக்காமல் நான் வறண்டுவிடவில்லை என்பது அப்போது தெரிந்தது. ஊற்று சுரந்துகொண்டுதான் இருந்திருக்கிறது; வயலுக்கு வரும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தது.

இந்த இடத்தில் உ.வே.சாமிநாதையர் பட்ட பாடு ஒன்று எனக்குப் பெரிதும் உதவியது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்காக நச்சினார்க்கினியர் உரையை ஆராய்ந்தபோது, உரையாசிரியர் எடுத்துக்காட்டும் பல மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று சொல்லப்படாமல் "என்றார் பிறரும்" என்ற அளவில் நின்றிருப்பதைக் கண்டு அவர் திகைத்தார். அவற்றின் இடம் காண ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேடல் தமிழுக்குப் பெரும் பயன் தந்தது. ஆனால் உரை எழுதப்பட்ட காலத்தில் நூற்பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது, கேட்போர் அனைவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். என் குறிப்புகளின் குறையும் அதே வகையைச் சேர்ந்தது. இன்றைக்குத் தெரிந்திருப்பதால் எழுதாமல் விட்ட விவரமே நாளைக்குத் தேவைப்படுகிறது. எனவே, ஒவ்வொரு குறிப்பிலும் நாள், இடம், கண்டதா கேட்டதா படித்ததா என்ற விவரம், படித்ததாயின் பக்க எண் ஆகியவை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இவற்றைவிட முக்கியமானதாக, குறிப்பு முழு வாக்கியமாக, வினைமுற்றோடு முடிய வேண்டும் என்பதையும் சேர்த்தேன். வினைமுற்று வரும்வரை எழுதிப் பார்த்தால்தான் நான் கண்டது என்ன என்பது எனக்கே தெளிவாகிறது. மேலே சொன்ன பூக் குறிப்பை, மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மீண்டும் ஒருமுறை போய்வந்து இப்படித் திருத்தினேன்: "விடியலில் மொட்டாகப் பறித்த மல்லிகை மாலையில் விரியத் தொடங்கிவிடுவதால், வெளியூருக்கு அனுப்ப வாங்குபவர் காலையிலேயே வாங்கிவிடுகிறார், நான்கு மணிக்குமேல் வாங்குபவர் அன்றைக்கே சூடுவதற்கு வாங்குகிறார்." இதிலிருந்து கட்டுரை எழுதலாம். பழைய குறிப்பிலிருந்து எதுவும் எழுத முடியாது.

அடுத்து, குறிப்பை எதில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. கைப்பேசியை விட்டுவிடத் தீர்மானித்ததற்குக் காரணம் வெறுப்பு அன்று. கைப்பேசியில் புதிய குறிப்பு மேலே வந்து பழையதைக் கீழே தள்ளிவிடுகிறது. இரண்டு குறிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கவும் வழியில்லை. எனக்கு வேண்டியிருந்தவை மேசையில் பரப்பிவைத்து இடம் மாற்றக்கூடிய தனித்தனித் துண்டுகள். 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனமுள்ள ஏ4 அட்டைத்தாள், நூறு கொண்ட கட்டாக மூன்று வாங்கினேன். வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தபோது ஓரங்கள் ஏறியிறங்கி வந்தன. அடுக்கி நிறுத்தியபின் விரலால் தள்ளிப் பார்க்கையில் உயரம் குறைந்த அட்டைகள் கண்ணுக்குப் படாமல் மறைந்தன. பைண்டிங் கடையில் கொடுத்து, வெட்டும் இயந்திரத்தில் ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி வாங்கியதும் 148 மி.மீ. அகலமும் 105 மி.மீ. உயரமும் கொண்ட 1,200 அட்டைகள் ஒரே அளவில் கிடைத்தன. 80 ஜி.எஸ்.எம். தாளிலும் செய்யலாம்; ஆனால் அது நிற்காமல் வளைந்து சரிந்துவிடும்.

அட்டைகளைச் செருப்புப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். இரண்டே வாரங்களில் பெட்டியின் மூலை கிழிந்தது. ஓர் அட்டை ஏறத்தாழ 3 கிராம் எடை கொண்டது என்பதால் ஆயிரம் அட்டைகள் 3 கிலோவைத் தாண்டிவிடுகின்றன என்பதை நான் எண்ணியிருக்கவில்லை. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் மூத்த தச்சரிடம் போய், 12 மி.மீ. பிளைவுட்டில், உள்ளகலம் 155 மி.மீ., உள்நீளம் 320 மி.மீ. இருக்குமாறு ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டேன். ஆயிரம் அட்டைகளின் தடிமன் ஏறத்தாழ 250 மி.மீ.; மீதி இடம், அட்டைகளை விரலால் முன்னும் பின்னும் சாய்த்துப் பார்ப்பதற்காக. பக்கச் சுவர்களை 80 மி.மீ. உயரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். அப்போதுதான் அட்டையின் மேல்விளிம்பு வெளியே தெரியும். அடிப்பலகையை ஆணி அடித்துப் பொருத்தினால் எடை தாங்காமல் நாளடைவில் கழன்றுவிடும் என்று சொல்லி, நான்கு சுவர்களிலும் காடி, அதாவது நீளவாட்டில் ஒரு பள்ளம், எடுத்து, அதில் பலகையைச் செருகிப் பசையிட்டுப் பூட்டினார். அந்தக் காடி எனக்குத் தோன்றியிருக்காது. பெட்டி இன்றுவரை ஆட்டம் காணவில்லை.

பெட்டி வந்தபின் செய்த பெரிய தவறு, அட்டைகளைப் பொருள்வாரியாகப் பிரித்தது. வேளாண்மை, சந்தை, மொழி, உணவு, பள்ளிக்கூடம், நீர்நிலை என்று பதினான்கு தடுப்பு அட்டைகளை வைத்தேன். பார்ப்பதற்கு நூலகம்போல ஒழுங்காக இருந்தது. ஆனால் கெடு நாளில் 'நீர்நிலை' என்ற தடுப்புக்குப் பின்னால் தேடினால், நீர்நிலை பற்றி நான் முன்பே எழுதி முடித்த கட்டுரையின் சாயலில்தான் எல்லாம் கிடைத்தன. ஒரே பொருளைச் சேர்ந்தவற்றை ஒரே இடத்தில் வைத்தால், ஒன்றுக்கொன்று புதிதாகச் சொல்ல அவற்றிடம் எதுவும் இருப்பதில்லை. ஏப்ரல் முடியும்வரை, இந்த அமைப்பு எனக்கு ஒரு கட்டுரையைக்கூடத் தரவில்லை.

பிறகு ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் பின்பற்றிய முறையை முயன்றேன். பீலஃபெல்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1950களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் சேர்த்த ஏறத்தாழ 90,000 துண்டுகளுக்கும் தலைப்பு வைத்துப் பிரிக்காமல், ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் எண் கொடுத்து, தொடர்புடைய துண்டுகளின் எண்களை அதன்மேல் குறித்துவைத்தார். கோட்பாட்டை நாற்பது ஆண்டுகள் வளர்ப்பவருக்கு அது பொருத்தமான அமைப்பு. வாரந்தோறும் ஆயிரம் சொல் கட்டுரை கொடுக்க வேண்டிய எனக்கோ, எண்ணிடவும் இணைக்கவும் ஆகும் நேரம் எழுதும் நேரத்தைத் தின்றது. ஐந்து வாரங்களில் 160 அட்டைகளுக்கு எண்ணிட்டிருந்தேன். அதே ஐந்து வாரங்களில் இரண்டு பத்திகளைத்தான் கெடுவுக்குள் கொடுத்தேன். ஜூன் தொடக்கத்தில் எண்ணிடுவதை நிறுத்திவிட்டேன்.

திருப்பம் தச்சுப் பட்டறையில் ஏற்பட்டது. பெட்டிக்கு ஒரு மூடி கேட்கப் போனபோது, சுவரோரம் வெட்டுத்துண்டுகள் அடுக்கப்பட்டிருந்த விதம் கண்ணில் பட்டது. தேக்கும் வேம்பும் பிளைவுட்டும் கலந்து கிடந்தன. ஆனால் ஒரு சாண் நீளத் துண்டுகள் ஓர் அடுக்கிலும், ஒரு முழத்துக்கு மேற்பட்டவை மற்றோர் அடுக்கிலும், மேலும் இழைக்க வேண்டியவை தனியாகவும் இருந்தன. "எந்த வேலையில மிஞ்சுச்சுன்னு பிரிச்சு வைக்க மாட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன். "அப்படி வச்சா யாருக்குத் தம்பி பிரயோசனம்? எதுக்கு ஆகும்னு வச்சாத்தான் தேவைன்னா கை நேரா அங்க போகும்" என்றார்.

அன்றிரவே பதினான்கு தடுப்புகளையும் எடுத்துவிட்டேன். அட்டைகளை, அவை எங்கிருந்து வந்தவை என்று பாராமல், எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்து அடுக்கினேன். ஒரு பாராவுக்குமேல் தாங்காத சிறு காட்சிகளும் சொற்களும் முன்வரிசைக்கு வந்தன. ஒரு முழுக் கட்டுரையைத் தாங்கக்கூடியவை நடுவில் அமைந்தன. கேள்வி மட்டும் இருந்து விடை இல்லாதவை, அதாவது ஒருவரைச் சந்தித்தோ ஓர் இடத்துக்குப் போயோ ஒரு நூலைப் பார்த்தோ நிரப்ப வேண்டியவை, பின்வரிசைக்குப் போயின. இந்தப் பின்வரிசை அட்டைகளின் மேல்மூலையில், நிரப்புவதற்குச் செய்ய வேண்டிய அடுத்த வேலையை மட்டும் எழுதினேன்: "பதநீர் இறக்குபவரிடம் சுண்ணாம்பின் அளவைக் கேட்க வேண்டும்" என்பதுபோல. அடுக்கி முடித்தபோது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அட்டைகளில் முழுக் கட்டுரையைத் தாங்குபவை 31 மட்டுமே என்று தெரிந்தது. மலையளவு சேர்த்தும் மேசையில் வெறுமை ஏற்பட்டது ஏன் என்பதற்கு இந்த எண்ணிக்கையே விடை. என்னிடம் இருந்தவை பெரும்பாலும் ஒரு சாண் துண்டுகள். அவற்றை இணைக்க வேண்டியிருந்தது.

இணைப்பதற்கு நான் வைத்துக்கொண்ட வழி எளியது. காலையில் உட்கார்ந்ததும் முன்வரிசையிலிருந்து மூன்று அட்டைகளைப் பார்க்காமல் எடுத்து மேசையில் வைப்பேன். அவற்றில் ஏதேனும் இரண்டுக்குப் பொதுவானது என்ன என்று பத்து வரி எழுதுவேன். பொதுவானது எதுவும் இல்லையென்றால் இல்லை என்பதையும் காரணத்தோடு பத்து வரி எழுதுவேன். பெரும்பாலான நாள்களில் அந்தப் பத்து வரி எதற்கும் உதவாது. அதனால் இழப்பும் இல்லை, கை அதற்குள் சூடேறிவிட்டிருக்கும். ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒருநாள், மேலே சொன்ன மல்லிகை அட்டையும், நுங்கு பற்றிய ஓர் அட்டையும், மாலைப் பத்திரிகை விற்பவர் ஒருவரைப் பற்றிய அட்டையும் ஒன்றாக வந்தன. நுங்கு வெட்டிய மறுநாளே முற்றத் தொடங்கிவிடும். மாலைப் பத்திரிகையை மறுநாள் காலையில் யாரும் வாங்கமாட்டார்கள். மல்லிகை இரவுக்குள் விரிந்துவிடும். அன்றைக்கே விற்றாக வேண்டிய பொருளை விற்பவர் நாள் முழுவதும் விலையை எப்படி நகர்த்துகிறார் என்ற கேள்வி அங்கே தானாக எழுந்தது. உடனே பின்வரிசையிலிருந்து பதநீர் அட்டையும் வந்து சேர்ந்தது; கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலொழியப் பனஞ்சாறு புளித்துக் கள்ளாகிவிடும், தடவியிருந்தாலும் வெயில் ஏறும்முன் விற்பது நல்லது. இந்த நான்கு அட்டைகளிலிருந்து இரண்டு வாரப் பத்திகளும், வேறோர் இதழுக்கு ஒரு நீண்ட கட்டுரையும் பிறந்தன. நான்கையும் பழைய முறைப்படி பூ, உணவு, பத்திரிகை, பனை என்று பிரித்துவைத்திருந்தால் அவை ஒருபோதும் சந்தித்திருக்கமாட்டா.

கருத்து கிடைக்கத் தொடங்கியபின்னும் சில காலைகளில் கை ஓடவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். இந்தப் பழுது வேறிடத்தில் இருந்தது. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் அஞ்சல் துறையில் பணியாற்றிக்கொண்டே, காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதியவர். வாரத்துக்கு எத்தனை பக்கம் எழுதினேன் என்று நாட்குறிப்பில் குறித்துவந்ததாகவும், சராசரியாக 40 பக்கங்கள் வந்தன என்றும் 1883இல் வெளியான தன்வரலாற்றில் அவரே சொல்கிறார். அவர் வேகத்தில் எழுத நான் முயலவில்லை. குறித்துவைக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோடிட்ட ஒரு பேரேட்டில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எழுதிய சொற்கள், உட்காரும்முன் செய்த கடைசி வேலை ஆகிய நான்கையும் தினமும் எழுதினேன். ஆறு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, மிகக் குறைவாக எழுதிய நாள்களில் பெரும்பாலானவற்றின் நான்காம் கட்டத்தில் ஒரே செய்தி இருந்தது: "வராத சன்மானம் பற்றி மின்னஞ்சல் பார்த்தேன்."

ஓரிடத்தில் மூன்று கட்டுரைகளுக்கான பணம் எட்டு மாதங்களாக நிலுவையில் இருந்தது. அந்தக் கவலை உண்மையானது. அதை மறந்துவிடு என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் அதைக் காலை ஐந்தரை மணிக்குச் சுமந்தால் நிலுவையும் வருவதில்லை, அன்றைய கட்டுரையும் வருவதில்லை. ஆகவே நிலுவைகளுக்கென்று தனியாக ஒரு பேரேடு போட்டு, கட்டுரை அனுப்பிய நாள், வெளியான நாள், பேசிய தொகை, நினைவூட்டிய நாள் ஆகியவற்றைக் குறித்து, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மட்டும் அதைத் திறப்பது என்று வைத்தேன். வாரம் தவறாமல், மரியாதையோடு, நாளும் தொகையும் குறித்து எழுதியதால் அந்தப் பணம் செப்டம்பரில் வந்தது. புதிதாக எழுத வரும் தம்பி தங்கையருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எழுத்தாளரின் சோர்வு என்று பேசப்படுவதில் ஒரு பெரும்பகுதி கூலி கிடைக்காத உழைப்பாளியின் சோர்வு. அதற்குத் தியானமும் நடைப்பயிற்சியும் மருந்தாகா.

பெட்டிக்குள் புதிய அட்டைகள் வர வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில், பின்வரிசை அட்டை ஒன்றின் மேல்மூலையில் இருக்கும் வேலையைச் செய்ய வெளியில் செல்கிறேன். வியாழக்கிழமை பிற்பகலில் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறேன். அங்கே எனக்குத் தெரிந்த துறையின் அடுக்குக்குப் போகாமல், ஒவ்வொரு வாரமும் அடுத்த அடுக்கு என்று வரிசையாகப் பார்க்கிறேன். கால்நடை மருத்துவ நூலில் கண்ட ஒரு பத்தி, பேருந்து நிலையம் பற்றிய கட்டுரைக்கு உதவியிருக்கிறது. மனிதர்களிடம் கேட்கும்போது, எழுதுவதற்காகக் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேநீர்க் கடையில் காதில் விழும் குடும்பப் பேச்சை அட்டையில் ஏற்றுவதில்லை.

அக்டோபர் மழையில் பெட்டிக்கு முதல் சேதம் ஏற்பட்டது. சன்னலோரம் வைத்திருந்ததால் சாரல் அடித்து, முன்வரிசையில் ஏறத்தாழ நாற்பது அட்டைகளில் பேனா மை பரவிப் படிக்க முடியாமல் போயின. அதே வரிசையில் பென்சிலால் எழுதியிருந்த அட்டைகள் ஈரமாகியும் எழுத்து கலையவில்லை. அன்றுமுதல் 2பி பென்சிலில் மட்டுமே எழுதுகிறேன். நனைந்தவற்றைக் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு மின்விசிறிக் காற்றில் உலர்த்தும்போது இன்னொன்றும் தெரிந்தது: பத்திரிகை நறுக்குகளை மைதாப் பசையால் ஒட்டியிருந்த அட்டைகளை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. மாவுப்பொருள் அந்தப் பூச்சிக்கு உணவு. செய்தித்தாளும் எப்படியும் சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்கிவிடும். ஆகவே ஒட்டுவதை நிறுத்தி, நறுக்கிலிருந்து தேவையான ஒரு வாக்கியத்தை நாளும் பக்கமும் குறித்துக் கையால் படியெடுக்கிறேன். படியெடுக்கும்போதே பாதி நறுக்குகள் தேவையில்லாதவை என்று தெரிந்துவிடுகிறது. சுவடிகளைக் காத்தவர்கள் பயன்படுத்திய வசம்பை நாட்டுமருந்துக் கடையில் வாங்கி, துணியில் முடிந்து, பெட்டியின் இரு கோடிகளிலும் வைத்திருக்கிறேன். நவம்பருக்குப்பின் புதிய அரிப்பு எதையும் காணவில்லை. பெட்டியையும் சன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றிவிட்டேன்.

ஜனவரியில் இதை எழுதும்போது, முழுக் கட்டுரையைத் தாங்கும் அட்டைகள் 31இலிருந்து 58 ஆகியிருக்கின்றன. இடையில் எழுதி முடித்து வேறு உறையில் கட்டிவைத்தவை 27. ஜூலைமுதல் எந்தப் பத்தியும் கெடு தவறவில்லை. தீராத குறை ஒன்று உண்டு: பின்வரிசை மற்ற இரண்டையும்விட வேகமாக வளர்கிறது. செவ்வாய்க்கிழமை ஒன்றில் ஓர் அட்டையைத்தான் நிரப்ப முடிகிறது. அதே வாரத்தில் நான்கு புதிய கேள்விகள் சேர்ந்துவிடுகின்றன. பல மாதங்களாகியும் நிரப்பப்படாதவற்றை எடுத்துவிடலாமா என்று எண்ணி நேற்று அவற்றைப் பிரித்தேன். எனக்கு எழுதக் கைவராத, ஆனால் வேறொருவர் நன்றாக எழுதக்கூடிய கேள்விகள் அவற்றில் நிறைய இருந்தன. திண்டுக்கல்லில் இருந்து எழுதத் தொடங்கியிருக்கும் இளம் தோழி ஒருவருக்கு அவற்றில் பன்னிரண்டு அட்டைகளை உறையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். மீதியை வைக்க அதே அளவில் இரண்டாவது பெட்டி ஒன்று வேண்டும் என்று தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அடிப்பலகைக்குக் காடியோடு, தூக்கிச் செல்ல இருபுறமும் கைப்பிடிப் பள்ளமும் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறார்.